ஊருக்குப் போய் வந்த துணிமூட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை, பொங்கல், ஆடி நோம்பி (பண்டிகை) என்று குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போய்விட்டு வந்தால், பைகளில் பாதிக்கு மேல் அழுக்குத் துணிதான் இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்து வீடுகளில் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அழுக்கு இரண்டு நாள் காத்திருக்கும், ஈரம் காத்திருக்காது. அப்புறம், இந்த வேலை வீட்டில் ஒருத்தர் தலையில் மட்டும் விழக் கூடாது.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. பள்ளிச் சீருடையைக் கிளம்பும் முன்பே துவைத்து, தேய்த்து, அலமாரியில் மாட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு வீடு வந்து, காலை எட்டு மணி வேனுக்குச் சீருடை தேடுவது போன்ற அவஸ்தை வேறில்லை. அழுக்குக் கூடையைக் காலி செய்துவிட்டுப் போங்கள். ஈரத் துண்டு ஒன்று அதில் கிடந்தால் போதும், நாலு நாள் பூட்டிய வீட்டில் கூடையே நாறிப்போகும். வாஷிங் மெஷின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே பூஞ்சை பிடிக்காது.

துண்டு விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பயணம் என்றதும் கனமான டர்க்கி டவலைத்தான் எடுத்து வைக்கிறோம். அதை வீட்டில் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பையில் இடம் அடைக்காது, முறுக்கிப் பிழியலாம், ஃபேன் காற்றில் ஓர் இரவில் காய்ந்துவிடும். கூடவே அழுக்குத் துணிக்கு ஒரு பழைய தலையணை உறை, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் நைலான் கயிறு, ஐந்தாறு கிளிப், அரைக்கட்டி சோப்பு. இவ்வளவுதான் பயணச் சலவைக்கான மொத்தச் சாமான்.

ஒரு ஆளுக்கு எத்தனை செட் துணி எடுத்துக்கொள்வது?

பெரியவர்களுக்கு நாளுக்கு ஒன்று, உபரியாக ஒன்று. சின்னக் குழந்தைகளுக்கு நாளுக்கு இரண்டு. உள்ளாடையில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். வெள்ளை, வெளிர் நிறங்களைக் கோயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், திரும்பி வந்தபின் துவைப்பது பாதியாகச் சுலபமாகும்.

ஊட்டியில் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயவில்லையே, ஏன்?

ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தை ஏந்திக்கொள்ள முடியாது. மூடுபனி இறங்கினால் ஏற்கெனவே நிறைந்துபோன காற்று துணியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. கோவையில் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற சட்டை அங்கே இரண்டு நாள் தொங்கும். வால்பாறையிலும் மழைக்காலத்தில் இதே கதைதான்.

ஆகவே மலைக்குப் போனால் உள்ளாடை, சாக்ஸ், குழந்தைத் துணி தவிர வேறெதையும் துவைக்காதீர்கள். துவைத்ததைப் பிழிந்தபின் காய்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். மிச்ச ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு குடித்துவிடும். பிறகு அறைக்குள் ஃபேனுக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாமல் மாட்டுங்கள். ரூம் ஹீட்டரின் மேல் துணி போடுவது வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். பால்கனியில் போட்டால் குரங்கு எடுத்துப் போகும். ஆழியாறு குரங்கருவிக்கும் பழனிக்கும் போனவர்களுக்கு இது தெரியும்.

அருவியில் குளித்த ஈரத் துணியோடு அப்படியே ஊர் திரும்ப வேண்டியிருந்தால்?

கோவைக் குற்றாலம், திருமூர்த்தி மலை, கொடிவேரி என்று எங்கே குளித்தாலும் கடைசி நாள் இப்படித்தான் ஆகிறது. நன்றாகப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் போடுங்கள், ஆனால் வாயை இறுக்கிக் கட்டாதீர்கள். அந்தப் பையைப் பெட்டிக்குள் வைக்காமல் கால்மாட்டில் தனியாக வையுங்கள், மறக்காது. வீடு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அந்த ஒரு பையை மட்டும் பிரித்துக் கொடியில் விரித்துவிட்டுப் படுங்கள். துவைக்க வேண்டாம், விரித்தால் போதும். ஈரத் துணி மூட்டையாகவே ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் முதலில் நாற்றம், அப்புறம் கரும்புள்ளி. நாற்றத்தைத் துவைத்துப் போக்கலாம். கரும்புள்ளி பருத்தியில் விழுந்துவிட்டால் அநேகமாக அந்தத் துணியின் ஆயுசு வரை கூடவே வரும்.

தங்குமிடத்திலேயே சலவைக்குக் கொடுக்கலாமா?

ஓட்டல்களில் பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், நாலு பேர் துணிக்குக் கட்டுப்படியாகாது. ஊருக்குள் கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கைக்குழந்தையோ நோயாளியோ உடன் இருந்தால் காசு பார்க்காமல் கொடுத்துவிடுவதே சரி.

வீட்டுக்கு வந்ததும் எதை முதலில் துவைப்பது?

பையைப் படுக்கையின் மேல் கொட்டாதீர்கள். திண்ணையிலோ மாடியிலோ கொட்டிப் பிரியுங்கள். முதலில் ஈரம் பட்டவை. அடுத்தது கறை பட்டவை, இவற்றுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும், கீழே சொல்கிறேன். மூன்றாவது அன்றாடம் தேவைப்படும் உள்ளாடையும் சீருடையும். ஜீன்ஸ், ஸ்வெட்டர், ஒரு மணி நேரம் மட்டும் போட்ட சட்டை எல்லாம் வாரக் கடைசி வரை காத்திருக்கட்டும். போடாமலே திரும்பி வந்த துணியையும் சேர்த்துத் துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தேவையில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் உதறிப் போட்டு மடித்து வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கொடியில் இடம் இருக்காது, தொட்டியில் தண்ணீர் இருக்காது. குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்து இரண்டு மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மெஷினில் 7 கிலோ என்று போட்டிருந்தால் அது காய்ந்த துணியின் எடை. அதிலும் மேலே ஒரு கையளவு இடம் விட்டால்தான் துணி புரண்டு அழுக்குப் போகும். திணித்துப் போட்டால் நனைந்து வருமே தவிரத் துவைபடாது.

நோம்பியில் பட்ட மஞ்சள் கறை போகுமா? மற்ற கறைகளுக்கு என்ன செய்வது?

ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா, கோயிலில் நட்டுவைத்த கம்பத்தை எடுப்பதோடு முடியும்போது ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்வார்கள். அதற்கென்றே பழைய துணி உடுத்திப் போவதுதான் உத்தமம். மஞ்சள் சந்தை இருக்கிற ஊர் என்பதால் மஞ்சளும் நல்ல சாயம் ஏறியதாகத்தான் இருக்கும். அந்தத் துணியில் சோப்பு பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், அலசி முடித்தால் மறுபடி மஞ்சளாகும். இந்தக் குர்குமினுக்கு வெயில் ஆகாது. ஆகவே சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடேயே கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி உச்சி வெயிலில் விரியுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் வெள்ளை வேட்டியில்கூட மங்கிப் போய்விடும். பட்டுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பழனிப் பஞ்சாமிர்தம் சிந்திய சட்டையில் இரண்டு கறைகள் சேர்ந்திருக்கின்றன. வாழைப்பழம், சர்க்கரை, தேன் ஒரு பக்கம், நெய் ஒரு பக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் இனிப்புக் கரையும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தால் நெய் போகும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போது இஸ்திரிப் பெட்டி வைத்தால் அது காய்ச்சிய பாகாகிப் பழுப்புத் தழும்பாக நின்றுவிடும். கொடிவேரி மீன் வறுவல் எண்ணெய்க்கும் அதே திரவம்தான். சாப்பிட்ட இடத்திலேயே கறை மேல் கொஞ்சம் முகப் பவுடரைத் தூவி வைத்தால் பாதி எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும்.

இளநீர்தான் ஆளை ஏமாற்றும். பொள்ளாச்சி ரோட்டோரம் குடிக்கும்போது சட்டையில் வழிந்தால் தண்ணீர்தானே என்று விட்டுவிடுவோம். காய்ந்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பழுப்பாக நிற்கும். வாழைக்கறையும் இப்படித்தான் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. இரண்டுக்கும் மருந்து, பட்ட உடனே பச்சைத் தண்ணீரில் அலசுவது மட்டுமே. பழைய வாழைக்கறைக்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதற்காக நேரம் செலவழிப்பதைவிட அந்தச் சட்டையைத் தோட்டத்து வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

வால்பாறையில் அட்டை கடித்தால் சாக்ஸ் முழுக்க ரத்தமாகிவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் அவ்வளவு வழிகிறது. ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். வெந்நீர் பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் நூலோடு இறுகிப்போகும். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு வெளுக்கும்.

செம்மண், சேறு: ஈரமாக இருக்கும்போது தேய்க்கவே கூடாது, உள்ளே இறங்கிவிடும். காயவிட்டு, தட்டி, பிரஷ்ஷால் உதிர்த்தபின் துவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளோரின் பிளீச்சை வினிகரோடோ எலுமிச்சையோடோ கழிவறை கழுவும் திரவத்தோடோ கலக்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

புதுத் துணியில் சாயம் போகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடுமா?

நிற்காது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் உப்புப் போடுவது உண்மைதான். ஆனால் அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ளுவதற்காக. அதன்பின் காரம் சேர்த்துச் சாயத்தை நூலோடு பிணைத்து, பிணையாமல் மிஞ்சியதைச் சோப்புப் போட்டுச் சூட்டில் அலசி எடுப்பார்கள். கடைசி அலசலைச் சரியாகச் செய்யாத துணிதான் நம் வாளியில் சாயம் விடுகிறது. வீட்டில் உப்பில் ஊறவைப்பது அந்த மிச்சத்தை எங்கேயும் பிணைக்காது. தனியாக இரண்டு மூன்று தடவை சோப்புப் போட்டு அலசி, மிச்சத்தை வெளியேற்றுவதுதான் வழி. நனைத்த ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள், ஒட்டினால் இன்னும் இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வந்தவர்களின் காவி, பச்சை வேட்டிகளையும், ஐயப்ப சாமிகளின் கறுப்பு வேட்டியையும் மற்றவற்றோடு போடவே போடாதீர்கள். தவறி ஒட்டிவிட்டால் அந்தத் துணியைக் காயவிடாமல் உடனே மறுபடி சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம்.

போர் தண்ணீரில் துவைத்தால் வெள்ளை எல்லாம் சாம்பல் நிறமாகிறது.

அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கமெல்லாம் இந்தப் புகார்தான். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிகின்றன. நுரை வராது, படிவு மட்டும் துணியில் தங்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீட்டில் கால் பங்கு பவுடருக்கே நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

போர் தண்ணீர் என்றால் கட்டி சோப்பை விட டிடர்ஜென்ட் நல்லது. வெள்ளைப் பருத்தியை ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கலந்தால் தண்ணீர் கொஞ்சம் மிருதுவாகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் வெள்ளைத் துணியின் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். குடிக்கிற நல்ல தண்ணீரை இதற்குச் செலவழிக்க வேண்டாம். மெஷினுக்குள் வெள்ளையாகப் படியும் உப்பைப் போக்க, துணி போடாமல் சிட்ரிக் அமிலம் போட்டு அவ்வப்போது ஒரு தடவை ஓட்டுங்கள்.

காயப்போட எந்த மாதம் தொல்லை?

ஆனி, ஆடியில் நமக்குக் கவலையே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் பல்லடம், உடுமலையில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது, நம் கொடித் துணியையும் அதுதான் காய வைக்கிறது. வெயில் இல்லாவிட்டாலும் காய்ந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆகவே ஒரு துணிக்கு இரண்டு கிளிப். புழுதி அதிகமான இடத்தில் காய்ந்த உடனே எடுத்துவிடுங்கள்.

தொல்லை ஐப்பசியும் கார்த்திகையும். தீபாவளிக்குப் போய் வந்த மூட்டை அடைமழையில்தான் வந்து சேரும். மெஷினில் இன்னொரு தடவை பிழிய விடுங்கள். துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு மாட்டுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். பனியன் துணி டீ சர்ட்டைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் இழுபட்டுப்போகும், அடிப்பக்கத்தைக் கொடியில் மடித்துப் போடுவது நல்லது. இளைப்பு (வீசிங்) இருக்கிற குழந்தை தூங்கும் அறையில் ஈரத் துணி காயப்போட வேண்டாம்.

ஒறம்பரை (விருந்தாளிகள்) பத்துப் பேர் தங்கிப் போனார்கள். போர்வை, ஜமக்காளத்தை எப்படிச் சமாளிப்பது?

முதலில், யாருக்கு என்ன விரித்தோம் என்று பார்த்து, ஓர் இரவு மட்டும் விரித்ததை வெயிலில் உதறிப் போட்டு எடுத்து வையுங்கள். கரூர்த் தலையணை உறைகளையும் சென்னிமலைப் போர்வைகளையும் மெஷினில் போடலாம், ஒரு தடவைக்கு இரண்டு போர்வைக்கு மேல் வேண்டாம். நாலைந்து சேர்ந்தால் ஒரே முடிச்சாகச் சுருண்டு மெஷின் குலுங்கும்.

பவானி ஜமக்காளத்தை மெஷினில் போடாதீர்கள். முரட்டு நூல், நனைந்தால் கனம் தாங்க முடியாது. மொட்டை மாடியில் விரித்து, பிரம்பால் தட்டித் தூசியைப் போக்கி, கறை பட்ட இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் பெரும்பாலும் போதும். முழுக்கத் துவைக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து, தரையில் விரித்து, பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டு, முறுக்காமல் கைப்பிடிச் சுவரில் போட்டு வடியவிடுங்கள். ஊறவைக்காதீர்கள், சிவப்புப் பட்டை பக்கத்துப் பட்டைக்கு இறங்கும். காய்வது நிழலில்.

இத்தனையும் ஏன் அம்மாவே செய்கிறார்?

அப்படி இருக்க வேண்டியதில்லை, அதை மாற்றத்தான் வேண்டும். வண்டி ஓட்டியவர் களைத்துப் படுத்துவிடுவார், குழந்தைகள் தூங்கிவிடும், அப்பாரும் ஆத்தாளும் வயதானவர்கள். அதே பயணத்தில் அதே அளவு அலைந்த ஒருத்தி மட்டும் நடுராத்திரியில் துவைக்கல் முன்னால் நிற்கிறாள். விடுமுறை அவளுக்கும் சேர்த்துத்தான்.

ஆளுக்கு ஒரு அழுக்குப் பை கொடுங்கள். அவரவர் பையை அவரவரே பிரித்து, சட்டைப் பையில் இருக்கும் பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதத்தை எடுத்துவிட்டு, வெள்ளை, கலர், ஈரம் என்று மூன்று குவியலாகப் போட வேண்டும். ஏழெட்டு வயதுக் குழந்தையால் இது முடியும், சாக்ஸ் ஜோடி சேர்க்கவும் முடியும். கனமான போர்வையைப் பிழிந்து மாடிக்குத் தூக்கிப் போவது வீட்டு ஆண்களின் வேலை. பத்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் மடிக்கத் தெரிய வேண்டும், பையன்களுக்கும்தான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இந்த மூட்டையை அப்படியே தள்ளிவிடுவதும் நியாயமில்லை. மாதச் சம்பளம் அன்றாடத் துணிக்குப் பேசியது. ஐந்து நாள் துணியை ஒரே நாளில் துவைக்கச் சொன்னால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

ஆற்றிலேயே அலசிவிட்டு வரலாமே?

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையில் குளித்துவிட்டு ஈரத் துணியைப் பிழிவது வேறு, சோப்புப் போட்டுத் துவைப்பது வேறு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று நம் கண்ணாலேயே பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வீட்டுச் சோப்பு சாயக்கழிவு அளவுக்கு இல்லைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் நாளில் அதுவும் சேர்ந்துகொள்ளும். பரிகாரம் முடித்து உடுத்திய துணியை ஆற்றில் விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது படித்துறையில் சிக்கி அடுத்தவர் காலைச் சுற்றுகிறது. குப்பைத் தொட்டியில் போட்டாலும் பரிகாரம் பரிகாரம்தான்.

கல்யாணத்துக்குக் கட்டிப் போன பட்டுச் சேலை?

கட்டி முடித்ததும் மடிக்காமல், ஒரு ராத்திரி நிழலில் காற்றாட விடுங்கள், வியர்வை ஈரம் போகட்டும். ஒரு தடவை கட்டியதற்கெல்லாம் துவைக்க வேண்டாம். கறை பட்டிருந்தால் நீங்களே தேய்க்காமல் டிரை கிளீனிங் கொடுங்கள், இன்ன கறை என்று சொல்லிக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்ட்டைச் சேலை மேல் அடித்தால் ஜரிகை கறுக்கும்.

தங்கிய அறையில் மூட்டைப்பூச்சி இருந்தது. என்ன செய்வது?

பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே பிரியுங்கள். வெந்நீர் தாங்கும் துணிகளை 60 டிகிரியில் துவையுங்கள், சூடு பட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். துணியின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் தொட்டிப் படத்துக்குள் எழுதியிருக்கும் எண்தான் அது தாங்கும் சூடு. திருப்பூரிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் பனியன்களில் இந்தப் படங்களைத் தைப்பது நம் ஆட்கள்தான், ஆனால் வீட்டில் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. வெந்நீர் ஆகாத துணியை நல்ல சூட்டில் இஸ்திரி போடலாம், தையல் மடிப்புகளை விடாமல். பெட்டியின் ஜிப் ஓரங்களையும் சக்கர இடுக்குகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, உச்சி வெயிலில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு பரணில் ஏற்றுங்கள்.